தற்காலிகச் சட்டமும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பயங்கரவாதத் தடைச் சட்டமே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கட்சி பேச வந்தோமல்லோம்; கட்சிகள் ஒரு சட்டத்தை எவ்வாறு கையாளுகின்றன என்பதை ஆராயவே வந்தோம்.

1979 ஆம் ஆண்டு யூலையில், ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஆட்சியில் இச்சட்டம் பிறந்தது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்பது அதன் பெயரிலேயே உண்டு. அதன் ஆயுள் மூன்றே ஆண்டு என 29 ஆம் பிரிவு கூறிற்று. 1982 இல் அப்பிரிவையே நீக்கிவிட்டார்கள். மூன்று நாள் தங்க வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்ட கதைதான்! அமைச்சரின் கட்டளையொன்றினால் ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்ததை, 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது.

அவசரகாலச் சட்டமோ மாதந்தோறும் பாராளுமன்றத்தின் அனுமதியை வேண்டி நின்றது. 2005 ஆகஸ்டில் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டபின் மீண்டும் வந்த அது, 2011 ஆகஸ்டு வரை நீடிக்கப்பட்டது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்த்து வாக்களித்து வந்தது. பெரும்பான்மை வென்று வந்தது. அது காலாவதியானதும், தடைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் அதன் வேலையைத் தொடர்ந்தன.

கட்சிகள் எதிரணியில் இருக்கும்போது இச்சட்டத்தைப் பழிப்பதும், அரியணை ஏறியபின் அதனைப் பயன்படுத்துவதும் நமக்குப் புதிதன்று. 2015 இல் ஜெனீவாவில் நீக்குவோம் என்றார்கள். 2024 இல் ஆட்சிக்கு வந்தோரும் அவ்வாறே வாக்களித்து வந்தார்கள். அயல்நாட்டிலும் இதே பாடந்தான். 2002 இல் இந்தியப் பாராளுமன்றத்தில் பொடாச் சட்டத்தை ஆதரித்த வைகோ, அவ்வாண்டே அதே சட்டத்தில் சிறை புகுந்தார். இன்று நாம் பிறருக்கு வெட்டும் குழி, நாளை நமக்கே ஆகலாம்.

இச்சட்டம் தமிழரோடு நிற்கவுமில்லை. 2020 இல் முஸ்லிம் கவிஞர் அஹ்னாப் ஜஸீமையும், 2022 இல் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயையும் அது பற்றியது.

'குண்டு வெடிக்கும் நாட்டில் வன்சட்டம் வேண்டாமா?' என்று பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும் 2019 உயிர்த்த ஞாயிறன்று இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. குறை சட்டத்தில் அன்று. வந்த எச்சரிக்கையைப் பொறுப்பானோர் கவனியாது விட்டதிலேயே இருந்தது. 2023 இல் உயர் நீதிமன்றமும் அவர்களைப் பொறுப்பாளிகளாகக் கண்டது.

நமது திருகோணமலையையே பாருங்கள். 2006 ஜனவரி 2 ஆந் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். நம் வயதினர் அவர்கள். 2019 இல், போதிய சான்றில்லையெனச் சந்தேகநபர் பதின்மூவரும் விடுவிக்கப்பட்டனர். சந்தேகத்தின் பேரில் பிடிக்க வல்ல சட்டம் இருந்தது. கொன்றவர் யாரென நிறுவ வல்ல நீதி இருக்கவில்லை.

மிஷன் பாடசாலையில் நாம் பிலாத்துவின் கதையைக் கற்றோம். வீட்டில் பாட்டிமார் சொல்லக் கோவலன் கதையைக் கேட்டோம். ஒருவன் குற்றமில்லையென அறிந்தும் கை கழுவினான். மற்றவன் ஆராயாது தீர்ப்பளித்தான். இரண்டும் ஒரே பாவந்தான்.

ஆகவே, கப்பல்துறை வாலிபர்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம் நிறத்தையும் கொடியையும் பாராமல் ஒன்று கேளுங்கள்: 'அச்சட்டத்துக்கு நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்? அதற்கு முடிவு நாள் குறிப்பீர்களா?' விடை சொல்லாதவர் எக்கட்சியினராயினும் நமது வாக்குக்கு உரியவரல்லர்.