ஆண்பிள்ளையின் விதைகள்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

(பிள்ளைக் காம்பராவில் பெற்றோருக்கு ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் ஆண்பிள்ளையின் விதையில் ஒரு குறை என்றால் மட்டும் வாய் திறக்க மாட்டோம். "வளர வளர சரியாப் போயிடும்" என்று இருந்துவிடுகிறோம். வெட்கத்தால் வரும் கெடுதல் பெரிது. அதனால்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறோம்.

விதைகள் விதைப்பையிலேயே உண்டாகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாய் வயிற்றில் இருக்கும் சிசுவின் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில்தான் அவை உண்டாகின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகின்றன. ஏழாம் மாதமளவில் கவட்டில் உள்ள ஒரு சிறிய வழியால் வெளியே வந்து, பிறப்பதற்கு முன் விதைப்பையில் சேர்ந்துவிடும்.

ஏன் வெளியே வரவேண்டும்? உடம்பின் உட்சூடு ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். விந்தணு உண்டாவதற்கு அதைவிட 2 முதல் 4 பாகை குறைந்த சூடு வேண்டும். விதைக்குள்ளே நூல்பந்து மாதிரி நுண்ணிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அந்தக் குழாய்களின் சுவரில்தான் விந்தணு உண்டாகிறது. குழாய்களுக்கு இடையில் இருக்கும் கலங்கள் ஆண்மைக்குரிய ஓமோனைச் சுரக்கின்றன. வாலிப வயதில் மீசை முளைப்பதும் குரல் மாறுவதும் அதனால்தான்.

நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண்பிள்ளைகளில் 2 முதல் 4 பேருக்கு ஒரு விதையோ இரண்டுமோ இறங்காமல் இருக்கலாம். குறைமாதப் பிள்ளைகளில் இது இன்னும் அதிகம். பலருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. உள்ளேயே தங்கினால் அந்த நுண்குழாய்கள் சூட்டில் கெட்டுப்போகும். பின்னாளில் பிள்ளைப்பேறு குறையலாம், விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். ஆகவே ஆறு மாதம் கழிந்தும் இறங்காவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயதளவில், பிந்தினாலும் ஒன்றரை வயதுக்குள், சத்திரசிகிச்சை செய்து இறக்கிவிடலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை.

எப்படிப் பார்ப்பது? இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டும்போது, கையையும் சூடாக்கிக்கொண்டு, மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பையில் இரண்டு விதைகள் இருக்க வேண்டும். ஒன்று சற்றுத் தாழ்ந்திருந்தால் பயமில்லை. நம்முடைய மலைக் குளிருக்கு விதை மேலே ஏறிக்கொள்வதும் உண்டு. சூட்டில் இறங்கிவிட்டால் நல்லது. ஆனாலும் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லி வையுங்கள்.

இனி, வளர்ந்த பையன்களுக்கு ஒரு விஷயம். விதை ஒரு நரம்புக்கொடியில் தொங்குகிறது. அதற்கு இரத்தம் போவதும் அந்தக் கொடி வழியாகத்தான். சில நேரம் அந்தக் கொடி முறுக்கிக்கொள்ளும். 12 முதல் 18 வயதில் இது அதிகம். திடீரென்று ஒரு பக்க விதையில் கடும் வலி வரும், வாந்தியும் வரலாம். சில பையன்கள் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்வார்கள். ஆறு மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியில் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் வெட்டி எடுக்கத்தான் வேண்டிவரும்.

ஆகவே எண்ணெய் தேய்க்க வேண்டாம், ஒத்தடம் கொடுக்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நடு இரவானாலும் புறப்படுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தந்தைமாரே, இது உங்கள் பொறுப்பு. அம்மாவிடம் சொல்ல மகன் கூச்சப்படுவான். "அங்க வலிச்சா எந்த நேரமானாலும் என்கிட்ட சொல்லு, நான் ஏச மாட்டேன்" என்று இன்று இரவே அவனிடம் சொல்லி வையுங்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார் அடுத்த கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, பிள்ளையைக் காட்டிவிட்டு வாருங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.