ஆயரின் இருக்கையும் மறைமாவட்டத்தின் எல்லையும்



இலங்கையின் கத்தோலிக்கப் பேராலயங்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இதுவரை வந்த எழுத்துகளில் பெரும்பகுதி கோபுரத்தின் உயரம், கட்டியவர் பெயர், திருவிழாச் சிறப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவற்றை எழுதிவைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனாலும் ஒரு கோவில் எவ்வளவு பெரிதானாலும் பழையதானாலும், ஆயரின் இருக்கை அங்கே இருந்தால்தான் அது பேராலயம். ஆகவே பேராலயத்தைப் படிப்பவர், அந்த மறைமாவட்டத்தின் எல்லை எப்போது, எந்த மக்களுக்காக வரையப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்த உரையில் நான் முன்வைப்பது இதைத்தான்.

மன்னாரைப் பாருங்கள். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை, அங்கே புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தவர்களை வெட்டிச் சாய்த்தது. அத்தனை பழைய நினைவைச் சுமக்கும் மண் அது. தமிழரும் சிங்களவரும் ஆவணியில் திரளும் மடு அன்னையின் திருத்தலமும் அங்கேதான். இருந்தும் மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல். அதுவரை யாழ்ப்பாண ஆயரின் பொறுப்பில் இருந்தது. பேராலயம் என்ற தகுதியும் மன்னார் நகரின் புனித செபஸ்தியார் ஆலயத்துக்கே கிடைத்தது. கொழும்பிலும் இப்படித்தான். செவ்வாய்க்கிழமை தோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சனம் நிரம்பி வழியும். பேராயரின் இருக்கையோ கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில். பக்தி திரளும் இடமும் நிர்வாகம் நிலைகொள்ளும் இடமும் ஏன் விலகி நிற்கின்றன? நாம் இதைப் போதிய அளவு கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

பேராலயமே இல்லாத காலமும் நமக்கு உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் இத்தீவு கொச்சி ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் குருக்களுக்கு இங்கே இடமில்லை. 1687இல் கோவாவிலிருந்து மறைவாக வந்த யோசேப் வாஸ் அடிகளார், 1711இல் கண்டியில் இறக்கும்வரை காடு மேடெல்லாம் நடந்தார். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். ஆயர் கடலுக்கு அப்பால் இருக்க, ஊரில் செபம் சொல்லிக்கொடுத்து மக்களை ஒன்றாக வைத்திருந்தவர்கள் மூப்பர்களும் அண்ணாவிமாரும். பெயர் தெரியாத அந்த மனிதர்கள் இல்லையென்றால் பின்னால் வந்த எந்த ஆயருக்கும் இங்கே மந்தை இருந்திராது. வாஸ் அடிகளார் 2015இல் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்ட நாளில் நான் இவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

1834இல் இலங்கை கொச்சியிலிருந்து பிரிந்தது. 1886இல் கொழும்பு, யாழ்ப்பாணம், கண்டி; 1893இல் காலி, திருகோணமலை. இன்று மறைமாவட்டங்கள் 12. ஒவ்வொரு பிரிவினையும் ஒரு சமூகக் கதை. பின்னர் 1982இல் மறைமாவட்டமான அநுராதபுரம் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தபோது, யாழ்ப்பாண ஆயரின் ஆட்சிக்குள் சிங்களம் பேசும் பங்குகள் அருகின. கிழக்கிலோ, போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே ஆயரின் கீழ் இணைந்திருந்து, 2012இல்தான் பிரிந்தன. போருக்கு நடுவே இரு நகரங்களுக்கும் ஒரே மேய்ப்பர் பொறுப்பாயிருந்தது எப்படி நடந்தது என்பதை, அதை நேரில் அறிந்த குருக்களிடம் இப்போதே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு சொல். பங்குகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். 1983 வரை நடைமுறையிலிருந்த 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி இவற்றின் பிரதி ஆண்டுதோறும் ஆயரகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஒருவர் வேறு பங்கில் மணம் முடித்தால், திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டில் அதைக் குறிக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து சென்றால் 1990களின் இடப்பெயர்வை ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக மீட்டெடுக்கலாம். தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே இதைச் செய்ய வழி உண்டு. பழைய ஏடுகள் கறையானுக்கு இரையாகுமுன் படமெடுத்து வைக்க ஆயரகங்கள் அனுமதி தர வேண்டும் என்று மேடையிலிருக்கும் ஆயர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் அமர்வு இந்தப் பதிவேடுகளைப் பற்றியதே. கட்டுரையாளர்களை அழைத்து, கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.