காந்தளூர்ச் சாலையும் சான்றின் தகுதியும்



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்த ரயில்வே குமாஸ்தா ஒருவன் கல்வெட்டைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பதிவேடுகளோடு நெடுநாள் பழகியவன் என்ற உரிமையே எனக்குண்டு.

நம் காலனிக் குழந்தைகள் மேடையேறி, 'இராசராச சோழன் காந்தளூரில் சேரரின் கப்பல்களை அழித்தான்' என்று முழங்குகின்றனர். நாமும் கைதட்டுகின்றோம். காந்தளூர் எங்கோ இருப்பதன்று. இந்நகரத்து வலியசாலைப் பகுதியே அது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. அண்டை வீட்டு மலையாள நண்பர், 'இதற்குச் சான்று யாது?' என்று வினவினால், 'வரலாறு கூறுகிறது' என்பது விடையாகுமா? எவர் எழுதிய வரலாறு?

கி.பி. 985-இல் பட்டமெய்திய இராசராசனின் மெய்க்கீர்த்தி, அவன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செய்தியைக் கூறுகின்றது. காலத்தால் நெருங்கிய சான்றுதான். ஆயினும் வென்றவன் தன் புகழைத் தானே பொறித்தது. அவன் பேரன் முதலாம் இராசாதிராசனும் அதே செயலைத் தனதாகக் கூறிக்கொள்கின்றான். ஒருமுறை அழிந்தது மறுமுறை எவ்வாறு அழிந்தது என்று கேட்க வேண்டாவா? அவனுடைய மெய்க்கீர்த்தியில் காந்தளூருக்குக் கடலைச் சார்ந்த அடைமொழி வருவது கப்பல் கட்சியினர்க்குத் துணையாகும் என்பதையும் மறைத்தல் கூடாது. ஆனால், கலம் என்பது மரக்கலமா, உண்கலமா? அறுத்தல் அழித்தலா, வரையறுத்தலா? கல் இதற்கு விடை கூறவில்லை. 'கப்பல்' என்பது பொருள் கண்டோர் கூற்று, கல்லின் கூற்றன்று.

இனி வேறொரு சாட்சியை அழைப்போம். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில், ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் ஏறக்குறைய கி.பி. 866-இல் ஒரு சாலை நிறுவினான். அதன் செப்பேடு, திருவிதாங்கூர் அரசின் ஹுஜூர்க் கச்சேரியில் இருந்தமையால் ஹுஜூர்ச் செப்பேடு எனப் பெயர் பெற்றது. து. அ. கோபிநாதராவ் அவர்கள் அதைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். 95 சட்டர்க்கு, அதாவது வேதம் பயிலும் மாணாக்கர்க்கு, அங்கே இடம் உண்டு. அதிலும் 45, 36, 14 என வேதப்பிரிவு வாரியாகக் கணக்கு! எல்லாம் காந்தளூர் முறைப்படி நடத்தல் வேண்டும் என்கிறது அச்செப்பேடு.

இது யாரையும் புகழ எழுந்ததன்று. நிர்வாக ஏடு, எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டரைப் போன்றது. இராசராசனுக்கு நூறாண்டு முந்தியது. அவன் வெற்றியால் அதற்கு ஆதாயமுமில்லை, நட்டமுமில்லை. ஆதலின், காந்தளூர்ச் சாலை யாது என்பதற்கு இதனையே நான் முதற் சாட்சியாகக் கொள்வேன். இராசராசன் அங்கே செய்தது யாது என்று கேட்டாலோ, இச்சாட்சி வாய் திறவாது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் 'காந்தளூர்ச் சாலை' என்னும் நூலில், கப்பற் பொருளை ஏற்காது, சாலையை உணவளிக்கும் அறச்சாலையாகக் கொண்டார். எம்.ஜி.எஸ். நாராயணன் அவர்கள் 1970-இல் வெளிவந்த தம் கட்டுரையில், படைப்பயிற்சியும் நடந்த கலாசாலை என்றார். இருவரும் பேரறிஞர். ஆயினும், இவை அவர்கள் கண்ட முடிபுகள். அவர்கள் பெயரோடு சேர்த்தே சொல்லத்தக்கவை.

அடுத்த ஆண்டுப் பேச்சுப் போட்டியில், எந்தக் கல்வெட்டு, எந்தத் தொகுதி, எத்தனையாம் பக்கம் என்று எழுதித் தரும் பிள்ளைக்குத் தனிப் பரிசு வழங்குமாறு செயற்குழுவை வேண்டுகிறேன். நூல் நிலையத்துக்குத் துணை வேண்டுவோருடன் ஞாயிறு தவிர்த்த விடுமுறை நாட்களில் உடன்வர ஆயத்தமாக இருக்கின்றேன்.