புகாரிலிருந்து பதுளைக்கு



துறைமுக நகரத்து வணிகர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குப் புகார்தான் நினைவுக்கு வரும். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தவர் என்றே சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவர்கள் கொழும்பில் கடை விரித்தார்கள். செட்டியார் தெரு என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் அவர்களின் பணம் மலையேறிய கதையை யாரும் காவியமாக்கவில்லை.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். 1885இல் நானுஓயா வரையும், 1894இல் பண்டாரவளை வரையும்தான் தண்டவாளம். அதற்கப்பால் மாட்டுவண்டி. ஊவாத் தோட்டங்களில் உலையில் விழுந்த அரிசி கடல் கடந்து வந்து, இப்படித்தான் மலையேறியது. அந்த அரிசிக்குப் பின்னால் செட்டியாரின் கடன் இருந்தது.

ஆங்கிலேய வங்கிகள் உள்ளூராருக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. செட்டியாரை நம்பிக் கொடுத்தன. அவர் கூடுதல் வட்டிக்குக் கடைக்காரருக்கும் கங்காணிக்கும் கொடுத்தார். கங்காணியோ, ஆட்களைக் கூட்டிவந்த செலவை அவர்கள் தலையிலேயே எழுதினார். கடைசிப் படியில் நின்றவள் கொழுந்து பறித்தவள். கடன் தொகையை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு வேறு இருந்தது. அந்தத் தொகையைப் புதிய தோட்டம் கட்டினால்தான் தொழிலாளி இடம் மாறலாம். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது.

இதற்காகச் செட்டியாரை 'வட்டிக்கடை' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வதற்குள் இளமை போய்விடும். மனைவி மக்களை ஊரில் விட்டு மூன்றாண்டுத் தவணையில் வந்தவர்கள் அவர்கள். மகமை என்று கோயிலுக்கு ஒரு பங்கை எடுத்துவைத்துவிட்டுத்தான் இலாபத்தைப் பார்த்தார்கள். கொழும்பு ஆடிவேல் விழாவும் அவர்கள் தந்ததே.

1925இல் கொழும்பில் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்தன. வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போக, ஈடு வைத்த காணிகள் செட்டியார் கைக்கு வந்தன. கூடவே வெறுப்பும் வந்தது. 1934இல் வங்கி ஆணைக்குழுவின் அறிக்கை, 1939இல் இலங்கை வங்கி. அவர்கள் காலம் இறங்குமுகமாயிற்று.

செட்டியார் கடையின் பேரேட்டில் கடன் கங்காணியின் பெயரில்தான் ஏறும். அவர் பின்னால் நடந்துவந்தவர்களுக்கு அங்கே பற்றும் இல்லை, வரவும் இல்லை. அவர்களைத் தேடினால், ஸி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களுக்குத்தான் போகவேண்டும். அடுத்த வாரம் அங்கே போவோம்.