கரும்பொன்னைக் கைவிடாதீர்கள்!

(ஓசூர் பட்டிமன்றம். தலைப்பு: "மொட்டைமாடி அடுப்புக்கு ஏற்றது எவர்சில்வரா? வார்ப்பிரும்பா?" வார்ப்பிரும்பு அணியின் உரை.)

நடுவர் அவர்களே! எதிரே எவர்சில்வர் மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! பக்கத்தில் வார்ப்பிரும்பு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிற என் அணித் தோழர்களே! (சிரிப்பு) ஓசூர்ப் பெருமக்களே!

ஓசூர் குளுகுளு ஊர். சாயங்காலம் ஆச்சுன்னா காத்து. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளும், பெங்களூருக்குப் போய் வருகிற பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மொட்டைமாடியில் கேஸ் கிரில் பற்ற வைக்கிறார்கள். கையில் தூக்கிப் போகிற அடுப்பு, ஒரு சின்ன சிலிண்டர், மேலே வைத்துச் சுட ஒரு கம்பித்தட்டு. என் மகனும் ஒன்று வாங்கப் போனான். நானும் கூடப் போனேன். கடைக்காரர் கேட்டார்: "சார், தட்டு எவர்சில்வர்ல வேணுமா, வார்ப்பிரும்புல வேணுமா?" பையன் என்னைப் பார்க்கிறான். நான் என்ன செய்வேன்? எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், பொருளதிகாரம் என்று மூன்றும் நடத்தியவன். கிரில் அதிகாரம் எதிலும் இல்லையே! (சிரிப்பு)

எதிரணியில் பேசிய அம்மா அழகாகச் சொன்னார்கள்: "எவர்சில்வர் துருப்பிடிக்காது, கழுவ லேசு, தூக்க லேசு." அம்மா, மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 1913-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கினார். இரும்பில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் அதன்மேல் படர்ந்து துருவைத் தடுக்கிறது. பக்கத்துச் சேலத்து உருக்காலை 1981 முதல் அந்தத் தகட்டைத்தான் தயாரித்தது. நாம் அதற்கு வைத்த பெயர் என்ன? எவர்சில்வர். என்றைக்கும் வெள்ளி!

சரி, இரும்புக்கு என்ன பெயர்? ஓசூரில் நின்று பேசுவதால் மூன்று மொழியிலும் சொல்லலாம். தமிழில் இரும்பு. தெலுங்கில் இனுமு. கன்னடத்தில் கப்பிண. அந்தக் கப்பிணத்துக்குள்ளே ஒரு தமிழ்ச்சொல் ஒளிந்திருக்கிறது: கரும்பொன்! பொன் என்றால் உலோகம். கருத்த பொன், இரும்பு. நடுவர் அவர்களே, அவர்கள் கையில் இருப்பது வெள்ளி. எங்கள் கையில் இருப்பது பொன். தீர்ப்பை இப்பவே சொல்லிவிடலாம்! (பலத்த கைதட்டல்)

இந்தப் பொன் நமக்கு நேற்று வந்ததல்ல. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். நாலாயிரத்து இருநூறு வருஷம்! 2025-இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் முந்திவிட்டது. போகட்டும், அதுவும் நம்ம சொந்தக்கார ஊர்தானே! (கைதட்டல்)

"பெருமை போதும், சமையலுக்கு வா" என்கிறீர்களா? வந்துவிட்டேன்.

எவர்சில்வர் சூட்டைக் கடத்துவது வார்ப்பிரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கம்பியும் ஒல்லி. மசாலா தடவி, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கோழித்துண்டை அதன்மேல் வைத்தால் சூடு பொசுக்கென்று இறங்கிவிடும். ஓசூர்க் காத்து வேறே. வார்ப்பிரும்பு கனமானது. சூடேறப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும். ஏறிய சூட்டை லேசில் விடாது. பெரியவர்கள் கோபம் மாதிரி! (சிரிப்பு) அதனால்தான் பனீரோ, சோளக்கதிரோ, கோழியோ, கோடு கோடாகச் சிவந்து வருகிறது.

எவர்சில்வர்தான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் ஒரு யோசனை. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு காந்தத்தோடு போங்கள். நிக்கல் சேர்ந்த 304 ரகத்தில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் ஒட்டும். விலை குறைவு, உப்பும் எலுமிச்சையும் பட்டால் சீக்கிரம் கறுக்கும். உங்கள் பையில் இருக்கிற ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டுகிறதே, அதுவும் நிக்கல் இல்லாத எவர்சில்வர்தான். வெறும் கம்பிக்கு முலாம் பூசி விற்பதும் உண்டு. முலாம் உரிந்தால் உள்ளே துரு. கம்பி தடியாக, உள்ளே கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி, 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இரும்புப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பாத்திரத்துக் குழந்தைகளைவிட ஹீமோகுளோபின் கூடுதலாக ஏறியிருந்தது. உடனே கிரில் வாங்கினால் ரத்தம் ஊறும் என்று நான் சொல்லமாட்டேன். கம்பித்தட்டிலிருந்து வருவது கொஞ்சமே கொஞ்சம். தக்காளி வதக்குகிற இரும்புச்சட்டியிலிருந்து வருவதுதான் கணக்கில் சேரும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சட்டியைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். ஆனால் பளபளப்புக்காக அந்தச் சட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோமே, அது நியாயமா?

இனி, என் வீட்டுக் கதை ஒன்று. என் அம்மா கொடுத்த வார்ப்பிரும்புத் தோசைக்கல் எங்கள் வீட்டில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறது. கண்ணாடி மாதிரி இருக்கும். "அம்மா கொடுத்த கல், துருவே பிடிக்காது" என்று மேடைக்கு மேடை பெருமையடிப்பேன். என் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி மூன்று மாதம் தர்மபுரிக்குப் போனாள். நான் முதல் நாள் தோசை சுட்டேன். கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அப்புறம் ஓட்டல்.

அவள் திரும்பி வந்தபோது கல் செங்கல் நிறத்தில் இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. தேய்த்தாள், துடைத்தாள், எண்ணெய் தடவி அடுப்பில் காய்ச்சினாள். அடுத்த நாளும் செய்தாள். மூன்றாம் நாள் தோசை ஒட்டாமல் எழுந்து வந்தது. அப்பத்தான் எனக்குப் புரிந்தது. இருபத்தெட்டு வருஷமாகத் துருப்பிடிக்காமல் இருந்தது கல்லின் குணம் இல்லை ஐயா, அவள் கை! கல்லில் ஏறிய துரு போய்விட்டது. என் முகத்தில் ஏறியது இன்னும் போகவில்லை. (நீண்ட கைதட்டல்)

தோசைக்கல்லை "வாங்கினேன்" என்று பெண்கள் பெருமைப்படுவதில்லை. "பழக்கினேன்" என்றுதான் சொல்கிறார்கள். எவர்சில்வரை வாங்கலாம். இரும்பைப் பழக்கத்தான் முடியும்.

ஆகவே என் அணிக்காக வாதாடுகிற நானே ஒரு நிபந்தனை போடுகிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்துவிட்டுப் பரணில் ஏற்றுகிற வீடா? தயவுசெய்து எவர்சில்வர் வாங்குங்கள். சும்மா கிடந்தால் இரும்பும் துருப்பிடிக்கும். வாரா வாரம் பற்ற வைக்கிற வீடா? வார்ப்பிரும்பு வாங்குங்கள். கொதிக்கிற தட்டில் பச்சைத்தண்ணீரை ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். கீழே போடாதீர்கள், உடைந்துவிடும். ஊறப்போடாதீர்கள். சூடு இறங்கக் காத்திருந்து, கழுவி, ஈரம் காயத் துடைத்து, எண்ணெய் ஒரு பூச்சு. ஐந்து நிமிஷ வேலை.

அந்த ஐந்து நிமிஷத்தை யார் செய்வது? அதுதான் கேள்வி! சுடுகிற வரைக்கும் அப்பாவும் பிள்ளையும் மாடியில் ராஜா. சுட்டு முடிந்ததும் தட்டு மட்டும் அம்மாவிடம் கீழே இறங்கி வருகிறது என்றால், அந்த வீட்டுக்கு இரும்பு வேண்டாம். சுட்ட கை துடைக்கட்டும். அந்த வீட்டில் இரும்பும் துருப்பிடிக்காது, உறவும் துருப்பிடிக்காது.

என் மகன் எதை வாங்கினான் என்று கேட்கிறீர்களா? வார்ப்பிரும்புதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதைத் துடைப்பது யார் தெரியுமா? உங்கள் முன்னால் நிற்கிற இந்த முனைவர்! (சிரிப்பு, கைதட்டல்)

பார்த்தவுடன் மின்னுவது வெள்ளி. பழகப் பழக மின்னுவது கரும்பொன். அந்தக் கரும்பொன்னுக்கே நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.