பின்வரும் பாரம்



கரும்பு வெட்டும் காலத்தில் எங்கள் செய்யாற்றுப் பக்கம் வந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பேற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். முன்னே செல்லும் டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். பின்னே பூட்டிய டிரெய்லரின் பாரமோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். இத்தகைய வண்டியை ஓட்டுகிறவருக்கு என்ன உரிமம் வேண்டும், என்ன பயிற்சி வேண்டும் என்பது பற்றிச் சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சொந்தமாக டிராக்டர் வைத்துப் பயிரிடுபவர். ஒருநாள் ஓட்டுநர் வரவில்லை. ஆலையில் கரும்பு சேர்க்க வேண்டிய முறைநாளோ தவறக்கூடாது. பதினேழு வயது மகனிடம் வண்டியைக் கொடுத்தனுப்பினார். சிறு பாலத்தை அடுத்த வளைவில் பையன் பிரேக்கை மிதித்ததும் டிராக்டர் ஒருபுறமாகத் திரும்பிற்று. பின்வந்த டிரெய்லர் அதைத் தள்ளிக்கொண்டு சாய்ந்தது. ஆரணியில் சேலையைக் கொடுத்துவிட்டு மிதிவண்டியில் எதிரே வந்த நெசவாளர் ஒருவர் தம் காலை இழந்தார். குழித்தறியில் அமர்ந்து மிதியை மிதித்துப் பிழைக்கும் மனிதருக்குக் கால் போவது இன்னதென்று ஆரணிப் பக்கத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

“ஐயா, மூன்று வருடமாக அவன் எங்கள் நிலத்தை உழுகிறான். ஓட்டத் தெரியாத பிள்ளை இல்லையே!” என்று அந்தத் தந்தை கண்கலங்கினார். அவர் கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிய உரிமம் இல்லாதவர் பொதுவிடத்தில் வாகனம் ஓட்டுதல் குற்றம். அவரை ஓட்டவிடும் உரிமையாளரும் குற்றவாளியே. டிராக்டர் ஓட்டுவதற்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் கடுமையானது. சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

வெற்றெடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர், சட்டத்தின் கண்ணில் இலகுரக மோட்டார் வாகனம். டிராக்டர் ஓட்ட முறையான உரிமம் உள்ளவர், டிரெய்லரைப் பூட்டிய காரணத்தால் தகுதியிழந்தவர் ஆகார் என்று 2001-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 நவம்பர் 6-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் டிரெய்லருக்கென்று தனிப்பதிவு வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது.

இத்தீர்ப்புகள் எளிய ஓட்டுநர்களுக்கு நன்மை செய்தவை. ஆயினும் இவற்றிலிருந்து வேறொரு செய்தியும் விளங்குகிறது. டிரெய்லரை இழுக்கத் தெரியுமா என்று தனியே சோதிக்கும் வாயில் நம்மிடம் இல்லை. பிரிட்டனில் ஒரு காலத்தில் இருந்தது. அங்கே 1997-ஆம் ஆண்டு முதல் கார் உரிமம் பெற்றவர்கள், 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரையோ, விடுமுறைக்குச் செல்லும் வீட்டு வண்டியையோ இழுக்கப் பெரும்பாலும் தனித்தேர்வு எழுதவேண்டியிருந்தது. லாரி ஓட்டுநர்களின் தேர்வுக்கு இடம் ஒழிக்கும் பொருட்டு, 2021 டிசம்பர் 16 முதல் அத்தேர்வை நீக்கி, 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்றனர். நீக்கியபோதும், பயிற்சி பெற்றுக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை கூறத் தவறவில்லை. தேர்வு இல்லாதவிடத்தில் பயிற்சி வீட்டாரின் கடமையாகிறது.

நம் முன்னோர் மாட்டுவண்டிக்கு உரிமம் பெற்றவர்கள் அல்லர். ஆனால், பாரவண்டியைச் சிறுவனிடம் விட்டவரும் அல்லர். முன்பாரம் எது, பின்பாரம் எது என்று கை வைத்துப் பார்த்துக் கற்றபின்பே கயிற்றைக் கொடுத்தனர். அந்தப் பாடம் டிரெய்லருக்கும் பொருந்தும். இருசக்கர டிரெய்லரில் பாரம் பின்னால் மிகுந்தால், அது டிராக்டரின் பின்புறத்தைத் தூக்கிச் சக்கரத்தின் பிடியைக் குறைக்கும். சரிவில் இறங்கும்போது பாரம் முன்னுக்குத் தள்ளும். ஆதலால் இறங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறிவிட வேண்டும். கிளட்ச்சை மிதித்து உருளவிடுதல் ஆகாது. வளைவில் நுழையுமுன் வேகத்தைத் தணிக்க வேண்டும். பின்னோக்கிச் செலுத்தும்போது டிரெய்லர் நாம் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் போகும்.

இனி, உழத்தெரிந்த பிள்ளை ஏன் தவறினான் என்பதற்கு வருவோம். டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பிரேக் மிதி உண்டு. வயலின் கோடியில் சட்டெனத் திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு வருமுன் இரண்டையும் தாழிட்டு ஒன்றாக இணைத்தாக வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழலும். பின்பாரம் அச்சுழற்சியை மிகுதிப்படுத்தும். அப்பையன் செய்தது இதுவே. வயலில் மூன்றாண்டு பழகிய பழக்கமே சாலையில் பகையாயிற்று. உரிமத் தேர்வுக்கு முன்னர்ப் பழகுநர் உரிமத்துடன், தெரிந்தவர் அருகிருக்க, அவன் சாலையில் பழகியிருப்பானாயின் அத்தாழ்ப்பாளைப் பற்றி எவரேனும் சொல்லியிருப்பர்.

வழக்கின் முடிவையும் கூறிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனம் நெசவாளருக்கு இழப்பீட்டைச் செலுத்திற்று. பிறகு அத்தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள உத்தரவாயிற்று. என் மாணவர் நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். அந்தப் பணத்தால் தறி மீண்டும் ஓடவில்லை.

டிராக்டர் வைத்திருக்கும் அன்பர்களே! வண்டிச் சாவியைக் கொடுக்குமுன் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிரேக் மிதிகள் இணைந்துள்ளனவா, டிரெய்லரைப் பூட்டிய முளை கழலாதபடி ஊசி செருகியிருக்கிறதா, பின்னாலுள்ள சிவப்பு விளக்கைக் கரும்புத் தோகை மறைக்கிறதா என்று ஒருமுறை சுற்றி வந்து நோக்குங்கள். பாரத்தின்மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். ஓட்டுநர் வராத நாளில் கரும்பு ஒருநாள் காயட்டும். அந்த நட்டத்தை அடுத்த பருவத்தில் ஈடுகட்டலாம்.

பள்ளியில் ஒரு வகுப்பில் தேறாதவனை மேல்வகுப்புக்கு அனுப்பினால் அவன் ஒருவனே துன்புறுவான். பழகாதவனைப் பாரத்துடன் சாலைக்கு அனுப்பினால், எதிரே வரும் அறியாத ஒருவரும் துன்புறுவார். அந்த ஒருவரை நினைத்துக்கொண்டு சாவியை எடுங்கள்.