பெருநாள் விருந்தில் கர்ப்பிணியின் தட்டு



பக்ரீத் அன்று தொழுகை முடிந்து குர்பானியும் கொடுத்த பிறகு, பல வீடுகளில் முதலில் அடுப்பேறுவது ஈரல்தான். சீக்கிரம் வெந்துவிடும். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் தெருவே மணக்கும். வீட்டு மருமகள் முழுகாமல் இருந்தால் முதல் கிண்ணம் அவளுக்குத்தான். "ரத்தம் ஊறும், சாப்பிடும்மா" என்று மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இது அடுத்த வீட்டு இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பழக்கமான விஷயம். கறியும் பிரியாணியும் அவர்கள் வீட்டுக்கும் போகிறதே! அதனால் இன்றைய பேச்சு எல்லோருக்கும் உரியது.

ஈரலில் இரும்புச்சத்து நிறைய உண்டு. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பதால் மாமியார் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் அதே ஈரலில் வைட்டமின் ஏ மிதமிஞ்சி இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு உச்ச அளவு 3,000 மைக்ரோகிராம். 100 கிராம் ஆட்டு ஈரல் அந்த அளவைத் தாண்டிவிடும். கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் இந்தச் சத்து அளவு மீறினால் பிறவிக் குறை வரக்கூடும். பிரிட்டனில் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கும்படியே சொல்கிறார்கள். தெரியாமல் இரண்டு துண்டு சாப்பிட்டவர்கள் பயப்பட வேண்டாம். இனி அந்தக் கிண்ணத்தில் ஈரலுக்குப் பதிலாக நன்றாக வெந்த கறியைப் போடுங்கள். அதிலுள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பெருநாள் பரபரப்பில் அதை மறந்துவிடக் கூடாது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களே, உங்களுக்கும் இது பொருந்தும். கரு உண்டான முதல் 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் மூடிவிடுகிறது. கர்ப்பம் என்று பலருக்கு உறுதியாகத் தெரியும் முன்பே அது நடந்து முடிந்துவிடும். ஆகவே ஃபோலிக் அமிலத்தை இப்போதே, மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ஈரலையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பச்சைக் கறி. குடல் கழுவுவதையும் கறி நறுக்குவதையும் கர்ப்பிணியிடம் விடாதீர்கள். வேகாத கறியில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம். குக்கரில் வெந்த கறிக்குப் பயமில்லை. மொட்டை மாடியில் கரியில் சுடும் கபாப் உள்ளே சிவப்பாக இருந்தால் அவளுக்குத் தராதீர்கள். கறி வெட்டிய பலகையில் தயிர் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதும் வேண்டாம். சில ஆண்டுகளாகப் பக்ரீத் மே, ஜூன் வெயிலில் வருகிறது. அந்த வெயிலில் பிரியாணி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது அவளுக்கு ஆகாது. ஃப்ரிட்ஜில் வைத்ததை ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள்.

"இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்கிறோம். நான்காம் மாதத்திலிருந்து கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளொன்றுக்கு 350 கலோரி. அரைத் தட்டு பிரியாணியிலேயே அது கிடைத்துவிடும். மேலே ஷீர் குர்மாவும் பிரெட் அல்வாவும் வந்தால் சர்க்கரை எங்கே போகும்? கர்ப்பகால நீரிழிவை எல்லாக் கர்ப்பிணிகளிடமும் தேடும் முறையை 2007-லேயே தொடங்கிய மாநிலம் நம்முடையது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டால் அது நீரிழிவு. அப்படிச் சொல்லப்பட்டவர் கறியும் பச்சடியும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் குறைத்து, இனிப்பை ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டு, பிறகு கால் மணி நேரம் நடக்கட்டும். ரமலானுக்கும் இதே கணக்குதான். நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதன் பின்னால் வரும் சமோசாவும் ரோஸ்மில்க்கும்தான் தொல்லை. கர்ப்பிணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதையும் வீட்டுப் பெரியவர்கள் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் அவள் ஒருத்தி தலையில் கட்டக் கூடாது. பெரியவர்கள் அன்போடு நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல, புதிதாக வந்த மருமகளுக்கு வாய் வருமா? பரிமாறுகிறவர்தான் அளவறிந்து பரிமாற வேண்டும். கணவர் பக்கத்தில் இருந்து, "போதும்மா, டாக்டர் சொல்லியிருக்கார்" என்று அவளுக்காகப் பேச வேண்டும்.

விருந்தில் பிரியாணியோடு தவறாமல் வருவது "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி. கேட்டவர் மறந்துவிடுவார், கேட்கப்பட்டவளுக்கு அன்று சோறு இறங்காது. ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது அவர்கள் இருவரின் விஷயம். இந்தப் பெருநாளுக்கு அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.